கப்பலுக்குத் தெரியாத மோதல்

கப்பல் கட்டுமானப் பொறியியல் படிப்பவன் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் முட்டுக்காட்டில் மிதிபடகு ஓட்டியிருக்கிறேன். அதிலும் வாந்தி. பணக்காரர்களுக்கு உல்லாசப் படகு வரைந்து பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

ப்ராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். வருகைப்பதிவில் ஜாஸ்மினுக்கு அடுத்த பெயர் கிருஷ்ணன், அதாவது மயிலாப்பூர் கிச்சா, அதாவது நான். ஆங்கில அகரவரிசை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

தலைப்பை அவள்தான் எடுத்தாள்: சரக்குக் கப்பல் ஃபைபர் படகில் மோதினால் என்ன ஆகும். அவள் வீடு சாந்தோம் குப்பத்தில். அவள் அப்பா செபஸ்தியானின் படகை ஒரு கப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டுப் போயிருந்தது. பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை வேறு படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

"கப்பல் நிக்கவே இல்லையா?"

"தெரிஞ்சாதானேடா நிக்கிறதுக்கு."

கம்ப்யூட்டரில் மோதவிட்டோம். படகு தூள். கப்பலின் வேகத்தைக் காட்டும் கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போனது.

"கப்பல் பாஸ், படகு அரியர்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கோட்டின் நடுவில் விரலை வைத்தாள்.

"இங்கதான்டா எங்கப்பா இருந்தாரு."

அந்த இடத்தில் எறும்பு ஏறி இறங்கும் அளவுக்குக்கூட மேடு இல்லை. அவள் விரலை எடுத்த பிறகும் நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு நார்வேயில் ஆராய்ச்சி இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அடையாறில் ஜூஸ் குடித்தோம். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது.

"அங்க குளிர் ஜாஸ்தியாமே" என்றேன்.

"ஆமாடா" என்றாள். அவ்வளவுதான்.

சிங்கப்பூர் கம்பெனி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே அதே மோதலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஆறவில்லை.

"கட்டக் கத்துக்கோன்னு அனுப்பினா, இடிச்சுண்டு உக்காந்திருக்கியேடா."

வேகத்தை விட்டுவிட்டு, கப்பலின் முன்புறத் தகட்டில் அதிர்வைத் தேடினேன். பல மாதம் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் தெரிந்தது, அதிர்வைக் காட்டும் கோட்டில் குட்டியாக ஒரு முள். தகட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே கப்பலை ஓட்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு கருவி இருந்தால் கப்பல் நிற்கும், தண்ணீரில் கிடப்பவரைத் தேடும். இனி அதுதான் என் ஆராய்ச்சி.

ஜாஸ்மினுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். பழைய வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"கிச்சா, அப்பாகிட்ட நீயே போய்க் காட்டுறியா?"

"சரி" என்றேன்.

செபஸ்தியான் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து அந்த முள்ளைக் காட்டினேன்.

"இது நானா?"

"ஆமா அங்கிள்."

"இத்துனூண்டு கீறேன்."

இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு வலையைக் கீழே வைத்தார்.

"பாப்பா எப்ப வருமாம்? உன்னாண்ட எதுனா சொல்லிச்சா?"

"இல்ல அங்கிள். உங்ககிட்ட?"

"இன்னா நீ, அதத்தானே உன்னக் கேக்குறேன்."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நார்வே அந்தப் பக்கம் இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இருக்காது.