கதவிடுக்கில் உடைத்த வால்நட்

மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டு, மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் வால்நட்டைச் சிபாரிசு செய்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கெட்ட கொழுப்பு குறையும், இதயத்துக்கு நல்லது, மூளை சுறுசுறுப்பாகும் என்று மூச்சு விடாமல் அடுக்குவாள். "நம்ம கடையில இருக்கறத வித்தா போதும்மா" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்கு இதயத்தில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பிடித்த பிடி அது. மாத்திரை எழுதிக்கொடுத்தவர், "தினம் ஒரு கை வால்நட்டும் சாப்பிடலாம்" என்று போகிறபோக்கில் சொன்னார். அவளுக்கு அது வேதவாக்காகிவிட்டது. தினமும் காலையில் சமையலறைக் கதவின் கீல் பக்க இடுக்கில் வால்நட்டை வைத்து மெல்லச் சாத்துவாள். படக்கென்று ஓடு பிளக்கும். அந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்து மரம் பல்லை இளித்தது.

"கதவு போச்சுன்னா யாரு மாத்துறது?" என்பான் கணவன்.

"மாத்துறதுக்கு நீங்க இருக்கணும்ல, அதுக்குத்தான்."

பருப்பைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்து அவன் வேலைப்பையில் வைப்பாள். சாயந்திரம் டப்பா காலியாகத் திரும்பும். அதைத் திறந்து பார்த்தால்தான் அவளுக்கு வயிறு நிறையும்.

அப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் படிக்கட்டில் செத்துப்போனான். லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவனுக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. மெஷின் அறை உச்சியில் இருக்கும், கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறித்தான் ஆகவேண்டும். இது என்ன நியாயமோ! மூச்சு வாங்குகிறது என்று ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அவள் மறுபடி கடைக்குப் போனபோது வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தி கேட்டாள். "நீ சொன்ன வால்நட் நெசமாவே நல்லதாம்மா?"

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். டப்பாவில் போட்டது போதவில்லையா, பழைய சரக்கா, வேறெங்கே தப்பு செய்தோம் என்று அதுவே மனதை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பி வந்தான். கணவனுடன் ஜோடியாக வேலை பார்த்தவன். ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர். கல்யாணம் குடும்பம் என்று எதுவுமில்லாத தனிக்கட்டை. கணவனின் வேலைப்பையை நாற்காலியில் வைத்தான்.

அவள் டப்பாவை எடுத்துத் திறந்தாள். காலி.

"அன்னிக்கும் சாப்பிட்டுட்டுதான் ஏறினாரா?"

கம்பி தரையைப் பார்த்தான். "அண்ணி, எத்தனையோ மாசமா அவரு அதத் தொடவே இல்ல. நான்தான் சாப்பிட்டேன்."

"என்ன சொல்ற?"

"எனக்கும் அதே அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கே அண்ணன் டப்பாவ என் கையில திணிச்சிட்டாரு. 'என்னப் பாத்துக்க வீட்ல ஒருத்தி இருக்கா, உனக்கு யாருடா இருக்கா? எனக்கு இந்தக் கசப்பும் ஆகல'ன்னாரு. ஆளுக்குப் பாதின்னேன். கேக்கல."

"என் புருஷனுக்குக் கட்டினத உக்காந்து தின்னுருக்க! வீடு தேடி வந்து சொல்லவும் செய்யற!"

"திட்டுங்க அண்ணி. அதுக்குத்தான் வந்தேன்."

திட்ட வாயெடுத்தவளுக்கு வேறு வார்த்தைதான் வந்தது. "இப்ப உனக்கு எப்படியிருக்கு?"

"கொழுப்பு குறைஞ்சிருக்காம்" என்றான், திருடி மாட்டிக்கொண்டவனைப் போல.

அவள் வேலைப்பையைப் பார்த்துத்தான் பேசினாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு டப்பா கட்டியிருப்பேனே, பாவி மனுஷா!"

விறுவிறுவென்று உள்ளே போனாள். பிறகு சமையலறையில் படக், படக்கென்று சத்தம் கேட்டது. டப்பாவை நிரப்பிக்கொண்டு வந்து கம்பியின் முன்னால் வைத்தாள்.

"இங்கயே தின்னு. என் கண்ணு முன்னாடி."

அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்து மென்றான். இவனும் வேறு யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதபடி, ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துண்டும் போனது. வழக்கம்போல டப்பாவை வாங்கி எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. கணவன் செத்த அன்றுகூட வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வாய்விட்டு வந்தது.