ஏழாவது பையின் எண்

தங்கையின் புருஷன் பல் டாக்டர். கட்டிய பெண்டாட்டியின் பல்லை உடைத்துவிட்டு, மறுநாள் தன் கிளினிக் நாற்காலியிலேயே உட்காரவைத்து, மரத்துப்போகிற ஊசிகூடப் போடாமல் அதை ஒட்டிக்கொடுத்த புண்ணியவான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஒரு கைப்பை வந்தது. பெரிய கம்பெனிப் பை, பெட்டிக்குள் துணி உறை போட்டு, ரிப்பன் கட்டி.

அதிலிருந்து அடிக்கு ஒரு பை. விலா எலும்பு விரிசல் விட்டதற்கு ஒன்று, காது கிழிந்ததற்கு ஒன்று. ஏழாவது பை கை ஒடிந்ததற்கு. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். மாவுக்கட்டு போட்ட கையில் அதை மாட்டிவிட்டுப் போட்டோ வேறு எடுத்தானாம்.

எட்டு மாதத்துக்கு முன், அவன் கிளினிக்கில் இருந்த நேரம் பார்த்து, ஏழு பைகளையும் இரண்டு குப்பை மூட்டைகளில் திணித்துக்கொண்டு தங்கை அக்காவிடம் ஓடிவந்தாள். போலீசுக்குப் போகலாம் என்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை. "அவன் கண்ணுல படாம இருந்தா போதும்க்கா. பட்டா என்னைக் கொன்னுடுவான்" என்றாள். அந்த வாரமே அக்கா வீட்டைக் காலி செய்து, நகரத்தின் மறுகோடியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை பிடித்தாள். போன் எண்ணையும் மாற்றினாள்.

அக்கா அதுவரை தோல் சாமான் பழுதுபார்க்கும் கடையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தவள். புது வீட்டில், புதுப் பெயரில், பழைய கைப்பைகளை வாங்கித் துடைத்துத் தைத்து இணையத்தில் விற்கத் தொடங்கினாள். தொழில் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கீறல் தெரியாத கோணம் தேடிப் படம் எடுப்பார்கள். இவள் கீறலுக்கென்றே தனி விளக்குப் போட்டு எடுப்பாள். ஆறே மாதத்தில் வாங்குகிறவர்கள் அவளுக்குக் 'குறைக்காரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

தங்கையின் பைகளில் ஆறு சத்தமில்லாமல் விற்றுப்போயின. ஏழாவதில்தான் வில்லங்கம். அதைச் செய்த கம்பெனி மட்டும் ஒவ்வொரு பையின் உள்பக்கப் பாக்கெட்டிலும் ஒரு தோல் துண்டில் தனி எண் அடித்து வைக்கும். அதே எண் பில்லிலும் இருக்கும். எண்ணைக் காட்டாமல் விற்றால் சரக்கு போலி என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

"பில்லை எல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கற ஜென்மம்க்கா அது. எண்ணை மட்டும் காட்டிடாத" என்று தங்கை முதல் நாளே சொல்லியிருந்தாள். அக்காவும் எண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித்தான் படம் போட்டாள். இரண்டு வாரம் ஒருவரும் தொடவில்லை. மூன்றாவது வாரம் எவளோ ஒருத்தி படத்துக்குக் கீழே எழுதினாள்: "குறைக்காரியும் போலி விக்க ஆரம்பிச்சாச்சா?" அதற்கு முப்பது பேர் சிரித்துவைத்தார்கள்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உப்புப் பெறாத பேச்சு, விட்டுத் தொலைத்திருக்கலாம். விடவில்லை. ஸ்டிக்கரை உரித்தாள், விளக்கைத் திருப்பினாள், எண் பளிச்சென்று தெரியும்படி படம் எடுத்து ஏற்றினாள். மூன்று மணி நேரம் கழித்துப் பயம் வந்து படத்தை நீக்கினாள். தங்கையிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாளே ஒரு பெண் போன் செய்தாள். ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஜிப் தடையில்லாமல் ஓடுகிறதா என்று விவரம் தெரிந்தவள்போல் கேட்டாள். மற்ற பைகளையும் நேரில் பார்த்துவிட்டு இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். யாராயிருந்தாலும் கடைத்தெருவில் வைத்துத்தான் அக்கா பையைக் காட்டுவாள். இந்தத் தடவை ஆசை கண்ணை மறைத்தது. விலாசத்தைக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. தங்கை உள்ளறையில் ஒரு கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவைத் திறந்தாள். வெளியே பெண் யாரும் இல்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவன் நின்றான்.

"வணக்கம் அண்ணி. பை பார்க்க வந்தேன்."

அவள் கதவை அறைந்து சாத்தப் பார்த்தாள். இடுக்கில் அவன் ஷூ இருந்தது. அவன் தோளால் ஒரு மோது மோதியதில் கதவின் விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்தது. படம் எடுக்கும் மேஜைமேல் மல்லாந்து விழுந்தாள். விளக்கு உடைந்தது, வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். அவன் நிதானமாகத் திரும்பிக் கதவைத் தாழிட்டான்.

"எங்க ரிசப்ஷன் பொண்ணு போன்ல நல்லா பேசினாளா? எட்டு மாசமா தினமும் பழைய பை விக்கற பக்கமெல்லாம் அந்த எண்ணைத் தேடறேன் அண்ணி. பில்லு என்கிட்ட இருக்கு. பை என்னுது. பையைத் தூக்கிட்டு வந்தவளும் என்னுது."

"மாப்பிள்ளை, பையை எடுத்துட்டுப் போயிடுங்க. அவ இங்க இல்ல."

வயிற்றில் உதைத்தான். அவளுக்கு மூச்சு நின்று வந்தது. கீழே விழுந்தவளின் விரல்களை ஷூவால் மிதித்து நசுக்கினான். அந்த வலியிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் போட்டால் தங்கை வெளியே வந்துவிடுவாள்.

ஆனாலும் தங்கை வந்தாள். உள்ளறை வாசலில் நின்று, "அவளை விட்டுடுங்க, நான் வர்றேன்" என்றாள்.

அவன் அவள் முடியைக் கையில் சுற்றி இழுத்து, நெற்றியைக் கதவு நிலையில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் கத்தவே இல்லை. கத்தினால் இன்னும் விழும் என்று அவன் வீட்டில் கற்றுக்கொண்டிருந்தாள். "எட்டு மாசம், எட்டு மாசம்" என்று சொல்லிச் சொல்லி அவன் மோதினான். பிறகு அவளைச் சுவரோடு சாய்த்து, பெருவிரலைத் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினான். அவள் கண்கள் மேலே செருகின.

அந்தச் சத்தமில்லாமைதான் அக்காவை எழுப்பியது. கீழே கொட்டிக் கிடந்த சாமான்களில் பித்தளைக் குமிழ் அடிக்கிற சின்னச் சுத்தியல் கையில் பட்டது. தவழ்ந்துபோய் அவன் முழங்காலின் பின்பக்கம் ஓங்கிப் போட்டாள். அவன் மடங்கி விழுந்தான். வலது கை தரையில் விரிந்து ஊன்றியது. அக்கா குறிபார்த்து அதன் மேல் அடித்தாள். எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது.

"அண்ணி... அண்ணி..."

"எவடா உனக்கு அண்ணி?"

கையை இழுக்கப் பார்த்தான். அவள் மணிக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, கட்டைவிரலில் ஒன்று, ஆள்காட்டி விரலில் ஒன்று என்று வரிசையாகப் போட்டாள். அவன் இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். அவளுக்கு உறைக்கவே இல்லை. சுத்தியலை அவன் வாய்க்கு நேரே ஓங்கினாள். "தொறடா வாயை" என்றாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மூடின உதட்டின் மேலேயே இறக்கினாள். இன்னும் ஒன்று. பல் தெறித்துத் தரையில் உருண்டது. அவளுக்கு அது இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"போதும்க்கா. செத்துடுவான்." தங்கை பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று வெளியிலிருந்து கத்தினார்கள்.

அவன் தரையில் முனகிக்கொண்டு கிடந்தான். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொண்டையைத் தடவினாள். குரல் பாதிதான் வந்தது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"எண்ணைப் போட்டுட்டேன். மூணு மணி நேரம்தான்."

"ஏன்?"

"போலின்னு எழுதினாளுங்க."

தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அவனை விலங்கோடு ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் தங்கையைத் தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினாள். பிறகு தங்கை உள்ளே வந்து இரண்டு உடுப்புகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். ஏழாவது பையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க தங்கச்சியைப் பாதுகாப்பான ஒரு இடத்துக்கு அனுப்பறோம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "இவன் ஜாமீன்ல வந்தாலும் தெரியாத இடம்."

"எந்த இடம் மேடம்?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"நான் அவ கூடப் பிறந்தவ. எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "தெரியும்மா. உங்களுக்கும் தெரிய வேண்டாம்னு அவங்கதான் கேட்டாங்க."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை கிட்டே வந்து, தன் துப்பட்டாவின் நுனியால் அக்காவின் புருவத்தில் வழிந்த ரத்தத்தை ஒற்றினாள்.

"ஆழமா இருக்கு. தையல் போட்டுக்கோக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எப்போது போன் செய்வாய் என்று கேட்க அக்கா வாயைத் திறந்தாள். கேட்கவில்லை.