கடகத்துக்கு இருபத்தைந்து சதம்

புதிய வரி நடைமுறைக்கு வந்த முதல் நாள் காலையிலேயே, அந்த வரியைக் கொண்டுவந்த நான் சைக்கிளோடு போய் ஒரு மீன் கடகத்துக்குள் விழுந்தேன்.

பாதி உடம்புதான் உள்ளே போனது. மீதிப் பாதியும் சைக்கிளும் சந்தை வாசலில் கிடந்தன. பனையோலையில் இழைத்த சாதாரணக் கடகக் கூடை என்றால் ஒரு மனிதனில் பாதியைக் கொள்ளாது. இது நான்கு பெண்கள் காவுதடி போட்டுத் தூக்கி வந்து இறக்கிய கடகம். அவ்வளவு பெரிய கடகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்படியொன்று இந்த உலகத்தில் உண்டாகக் காரணமும் நானேதான்.

அது அறுபத்தைந்தாம் ஆண்டு. எங்கள் கடற்கரைப் பட்டினத்தின் சபையில் நான் ஓர் உறுப்பினர். பிழைப்புக்கு அச்சுக்கூடம், பெரும்பாலும் கல்யாண அழைப்பிதழ்தான். அந்த வருடம் கொழும்பில் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய துண்டு விழுந்தது. அங்கே விழுந்த துண்டுக்காக எங்களுக்கு வரும் மானியத்தை வெட்டினார்கள். அதனால் எங்கள் சபையிலும் துண்டு விழுந்தது. அதை நிரப்ப வழி சொல்லும்படி ஒரு குழு அமைத்து, அதற்கு என்னைத் தலைவராக்கினார்கள். நான் அன்றைய கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததுதான் எனக்கிருந்த தகுதி.

நான் சொன்ன வழி சுலபமானது. சந்தையில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மீன் கடகத்துக்கும் பத்துச் சதம் வரி இருந்தது. அதை இருபத்தைந்தாக்குவோம் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள். சபையில் மீன் விற்பவர் யாரும் இல்லை.

அறிவித்தலை இலவசமாக அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். கல்யாண அழைப்பிதழுக்கு வைத்திருந்த பூக்கரை மிச்சம் கிடந்தது. அதையே சுற்றிவரப் போட்டேன். மேலே குத்துவிளக்கு அச்சும் வைத்தேன். சந்தைச் சுவரில் ஒட்டியபோது, எழுத்து வாசிக்கத் தெரியாத இரண்டு பேர் எந்தக் கோயிலில் தாலிகட்டு என்று கேட்டார்கள்.

அந்தப் பூக்கரையை ரசித்துக்கொண்டு வந்ததில்தான் முன்னால் இருந்த கடகத்தைக் கவனிக்கவில்லை.

அறிவித்தலில் 'ஒவ்வொரு கடகத்துக்கும்' என்று இருந்ததே தவிர, கடகம் எவ்வளவு பெரிது என்று ஒரு சொல்லும் இல்லை. அது நான் விட்ட பிழை. அறிவித்தல் ஒட்டிய மூன்று நாளில் மீன்காரப் பெண்கள் ஓலை வெட்டி, வார்ந்து, ஒரு கடகம் இழைத்துவிட்டார்கள். நாலு பேரின் மீன், ஒரு கடகம், ஒரே ஒரு இருபத்தைந்து சதம்.

நான் தலையைத் தூக்கியபோது, கடகத்தின் மறுகரையில் லூர்த்தம்மா இடுப்பில் கையூன்றி நின்றாள். பத்து வருடமாக எங்கள் வீட்டு வாசல் படலைக்கு மீன் கொண்டுவருகிறவள். அந்தச் சந்தையில் அவள் சொன்னால் மற்றப் பெண்களுக்கு அதுதான் சட்டம்.

"மெம்பர் உள்ளுக்கை போட்டியள்" என்றாள். "இனி உங்களுக்கும் சேர்த்து நாங்கள் வரி கட்டவேணுமோ?"

சந்தை முழுக்கச் சிரித்தது. நானும் அப்போது சிரித்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சட்டை முழுக்கச் சூடைமீன் செதிலோடு நிற்கிறவனுக்கு மரியாதை என்பது மிகவும் அவசரமான பொருளாகிவிடுகிறது. வரி அறவிடும் ஏரம்புவைக் கூப்பிட்டேன்.

"ஏரம்பு, இது நாலு பேற்றை மீன். நாலு கடகத்துக்கு வரி எடும்."

"நோட்டீசிலை கடகம் எண்டுதான் கிடக்கு அண்ணை" என்றான் ஏரம்பு, என்னைப் பார்க்காமல்.

"எடும் எண்டால் எடும்."

எடுத்தான். லூர்த்தம்மா மடியை அவிழ்த்து ஒரு ரூபாய் கொடுத்தாள். பிறகு குந்தியிருந்து, நான் சிதறடித்த சூடையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "சரி மெம்பர்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் எங்கள் தெருவில் மீன்காரப் பெண்களின் குரல் கேட்டது. எங்கள் படலையில் கேட்கவில்லை. வரிக்குக் கை தூக்கியவர் எவர் வீட்டுக்கும் மீன் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். சேர்மன் கனகசபாபதி வீட்டில் கோழிக்கூடு இருந்தது, அவர் கவலைப்படவில்லை. மற்ற உறுப்பினர்கள் பருப்புக்கு மாறினார்கள்.

என் வீட்டில் அப்படி மாற முடியவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு வயது பத்தொன்பது நாள். மனைவி பத்மாசினிக்குப் பால் போதவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் உறிஞ்சும், பிறகு விட்டுவிட்டு அழும். அழுகைகூடப் பெரிதாக வராது. பூனைக்குட்டி முனகுவது போல இருக்கும். பத்மாசினி என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

பார்க்க வந்த நேர்ஸ் பிள்ளையைத் தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சுறா குடுங்கோ. நல்ல பால்சுறாவாய்ப் பாத்து வறையும் குழம்பும் வையுங்கோ. கடல் பக்கத்திலை கிடக்கு, உங்களுக்கென்ன?"

எனக்கென்ன என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

சந்தைக்குப் போனேன். நான் வருவது தெரிந்ததும் கடகங்களின் மேல் சாக்கு விழுந்தது. லூர்த்தம்மாவிடம் நேரே போய் நின்றேன்.

"அக்கா, சுறா கிடக்கோ?"

"காத்து மாறிப் போச்சு மெம்பர்."

"நாளைக்கு வருமோ?"

"அதைக் கடலிட்டைத்தான் கேக்கவேணும்."

"பிள்ளைக்குப் பால் காணாது. நேர்ஸ் சுறாதான் வேணுமெண்டு சொல்லுறா."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சுற்றிவர இருந்த பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

பஸ் ஏறி நெல்லியடிச் சந்தைக்குப் போய் ஒரு சுறாத் துண்டு வாங்கினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே அது தன் வயதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எழும்பி நின்றுகொண்டே வந்தார். வீட்டில் பத்மாசினி அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தாள்.

நாலாம் நாள் விடிய எழுந்து படலையைத் திறந்தேன். படலைக் கம்பில், பூனை எட்டாத உயரத்தில், ஓர் ஓலைப்பை தொங்கியது. உள்ளே பூவரசம் இலையில் சுற்றிய சுறா. கடலீரம்கூட இன்னும் காயவில்லை.

அடுத்த நாளும் தொங்கியது. அதற்கடுத்த நாளும்.

பத்மாசினி தேங்காய்ப்பூவும் உள்ளிப்பூண்டும் போட்டு வறை வறுத்தாள். வீடு மணந்தது. ஒரு கிழமைக்குள் பிள்ளை குடித்துக்கொண்டே நித்திரையாகப் பழகியது. வாய் ஓரத்தில் ஒரு துளி பால் நின்றதைப் பத்மாசினி எனக்குக் காட்டினாள். பதினொரு வருடத்தில் அவள் எனக்குக் காட்டிய எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

யார் தொங்கவிடுகிறார்கள் என்று எதிர்வீட்டுக் கந்தப்புவிடம் கேட்டேன். அவர் விடியற்காலையில் தெருவைப் பார்த்துக்கொண்டு பல்லு விளக்குகிறவர்.

"நான் கண்ணாடி போடாமல் ஒண்டும் பாக்கிறேல்லை தம்பி" என்றார்.

"கண்ணாடி போட்டுப் பல்லு விளக்கினால் என்ன?"

"கண்ணாடி நனைஞ்சு போமெல்லே."

பத்மாசினியிடம் கேட்டேன்.

"சுறா தானாய் நடந்து வந்திருக்கும். சபைக் கூட்டத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக."

"பகிடி விடாதை. பத்மா, நான் அந்த வரியைக் கூட்டினது பிழையோ?"

"தேங்காய் முடிஞ்சுது. வரேக்கை ரண்டு வேண்டிக்கொண்டு வாங்கோ."

இதே கேள்வியை நான் அந்தக் கிழமை முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். சேர்மன், "வரி எண்டது வரி, சண்முகநாதன்" என்றார். ஏரம்பு வரிச் சிட்டைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்னட்டைக் கேட்டு என்ன அண்ணை, நான் கிழிச்சுக் குடுக்கிறவன்தானே" என்றான். ஒருவரும் பிழை என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் சந்தைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். செபஸ்தியம்மா என்ற கிழவி வந்தாள். கடகத்தின் அடியில் இரண்டு கை சூடை. அவளோடு கூட்டுச் சேர ஒருவரும் இல்லை. பெரிய கடகத்துக்கு நான் நாலு வரி எடுத்த பிறகு அந்த யுக்தியும் போய்விட்டது. ஏரம்பு சிட்டை கிழித்தான். அவள் இருபத்தைந்து சதம் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வியாபாரியின் கடகம் நிறைய விலை கூடிய அறக்குளா மீன் வந்தது. அதற்கும் இருபத்தைந்து சதம். நான் குழுத் தலைவராக இருந்து கணக்கெல்லாம் போட்டவன். கடகங்களை எண்ணினேனே தவிர, ஒன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. விழுந்த அன்றைக்குக்கூட.

அப்போது இன்னொரு சத்தமும் கேட்டது. ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ஆரோ எங்களுக்கை இருந்துகொண்டு மெம்பர் வீட்டை மீன் குடுக்கினம். அந்த வீட்டு அடுப்படியிலை சுறா மணக்குது. பிடிச்சால் அவவோடை இனி ஒருத்தரும் சேரப்படாது."

"கண்டனியோ?" என்றாள் லூர்த்தம்மா. "காணாமல் கதையாதை."

எனக்காகச் சந்தையின் சட்டத்தை யாரோ உடைக்கிறார்கள். அகப்பட்டால் அவள் பிழைப்புப் போய்விடும்.

மாதக் கூட்டம் வந்தது. எழுந்து, கடக வரியை மறுபடி பத்துச் சதமாக்க வேண்டும் என்றேன். துண்டுக்கு என்ன செய்வது என்று சேர்மன் கேட்டார். பட்டின எல்லையில் நாங்கள் கட்டவிருந்த வரவேற்பு வளைவைக் கைவிடுவோம் என்றேன். மிச்சத்துக்கு, கொழும்புக்கு லொறியில் போகும் ஐஸ்பெட்டிகளுக்கு வரி போடுவோம் என்றேன். லொறி சேர்மனின் மச்சானுடையது.

"உம்மடை பேரும் அந்த வளைவிலை வருது" என்றார் சேர்மன். "கல்லிலை வெட்ட அளவும் எடுத்தாச்சு. யோசியும்."

"என்ரை பேரை நானே ஆயிரம் தரம் அச்சிலை கோத்துப் பாத்திட்டன் சேர்மன். அவ்வளவு விசேஷமாய் ஒண்டும் தெரியேல்லை."

ஒரு வாக்கால் வென்றோம். என் பேச்சுத்தான் வென்றது என்று இரண்டு நாள் நம்பினேன். மூன்று கிழமைப் பருப்புத்தான் வென்றது என்று பிறகு ஓர் உறுப்பினர் சொன்னார்.

புதிய அறிவித்தலைப் பூக்கரை இல்லாமல் அடித்தேன். கடகத்தின் அளவையும், ஐஸ்பெட்டியின் அளவையும் எழுதினேன். காலையில் பசைவாளியோடு சந்தைக்குப் போய் நானே ஒட்டினேன். சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பெண்கள் கூடினார்கள். லூர்த்தம்மா வந்து முன்னால் நின்றாள்.

"வாசியுங்கோ மெம்பர்."

வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. செபஸ்தியம்மா மட்டும், "பத்துச் சதமோ?" என்று கேட்டாள். "ஓம் ஆச்சி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் சூடையிடம் போய் இருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நன்றி வேண்டியிருந்தது. அது வராது என்று தெரிந்ததும் பசைவாளியைக் கீழே வைத்தேன்.

"லூர்த்தக்கா, ரண்டு கேள்வி கேட்டு ஒரு மாசமாய் ஊரெல்லாம் திரியிறன். ஒருத்தரும் நேரை மறுமொழி சொல்லுகினமில்லை. நான் அந்த வரியைக் கூட்டினது பிழையோ? மற்றது, என்ரை படலையிலை சுறா கொழுவினது ஆர்?"

கலையத் தொடங்கிய பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: அவர்கள் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. மறுபடியும் ஒரு கடகத்துக்குள் விழுந்துவிட்டேன். "இல்லை, விடுங்கோ அக்கா" என்று வாளியை எடுத்தேன்.

லூர்த்தம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அன்றைக்கு உரக்கச் சொன்னவளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பிழை" என்றாள். "கூட்டினதும் பிழை. அண்டைக்கு விழுந்துபோட்டு எங்களிட்டை ஒரு ரூபா எடுத்தது அதைவிடப் பிழை. சுறா கொழுவினது நான்தான். வரி போட்டது நீங்கள், உங்களுக்கு மீன் இல்லையெண்டு நாங்கள் சொன்னது சரி. பிள்ளை ஆருக்கும் வரி போடேல்லை."