நான்காவது தலையணை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அடுப்பில் இன்னும் சூடு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூனைமேல் நான் பழி போட்ட கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் வீபே கால்வாயின் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு குளிர்காலத்தில், படுத்தால் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒரு தலையணை இரண்டானது, பிறகு மூன்று.

"இன்னொண்ணு வச்சா நீ நின்னுகிட்டே தூங்கலாம்," என்றேன்.

"பாலத்த மாதிரி என்னையும் தூக்கி நிறுத்திடு, ஹிஸ்கே," என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

பூனை முடிதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் பூனை பூஸ் அவர் கால்மாட்டில்தான் படுக்கும்.

"பன்னெண்டு வருஷமா இங்கதான் படுக்குது. இப்பதான் முடி கொட்டுதா?"

"வயசானா கொட்டும். உன் தலையப் பாரு."

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், பூஸைக் கூடையில் வைத்துத் தூரத்துப் பண்ணைக்காரி பிரெக்ட்டிடம் கொடுத்துவிட்டேன். இருமலுக்கு அம்மா தந்ததுபோலவே, உப்புத் தூவிய கறுப்பு அதிமதுர மிட்டாயை ஒரு டப்பா நிறைய அவருக்கு வைத்தேன். தீரத் தீர நிரப்பினேன்.

பூனை போயும் நான்காவது தலையணை வந்தது. காலுறை அவர் கணுக்காலில் பள்ளம் போட்டது. நான் தளர்வாக வேறு ஜோடி பின்னிக் கொடுத்தேன்!

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். "எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"படுத்தா மூச்சு முட்டப் பல காரணம் இருக்கும்மா. நுரையீரல், உடம்பு எடை, வயித்துப் புளிப்பு மேல வர்றது, ஏன், பூனை முடிகூட இருக்கலாம். ஆனா கால் வீங்கியிருக்கே, இது இதயம். தண்ணிய வெளியேத்துற பம்பு சோர்ந்துபோனா நம்ம வயல்ல தண்ணி தேங்கி நிக்காதா? அது மாதிரி. உப்பு அதிகம் சேக்குறாரா?"

"சேக்கவே மாட்டார்," என்றேன்.

வீபே சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"அவ நிரப்புறது அத்தனையும். ஆசையா வைக்கிறா, வேணாம்னு எப்படிச் சொல்ல?"

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இதயம் முன்னாடியே தளர்ந்துடுச்சு. ஆனா அதிமதுரமும் உப்பும் உடம்புல தண்ணியத் தேக்கும்மா. இனி வேணாம்."

இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து, இரண்டு தலையணைக்கு இறங்கி வீடு திரும்பினார். "இனி பூஸைத் திரும்பக் கூட்டிட்டு வா," என்றார். சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு பறந்தேன்.

பண்ணை வாசலில் பிரெக்ட் கையைப் பிசைந்தாள். "மூணாம் நாளே ஓடிப்போச்சு ஹிஸ்கே. ஒங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கும்னு நெனச்சேனே."

பண்ணைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று கால்வாய்கள். பூஸ் வந்து சேரவேயில்லை.

வீபே என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். கடைசி வரை கால்மாட்டில் ஒரு பூனைக்கு இடம் விட்டு, காலை மடக்கியே படுத்தார்.

உங்கள் வீட்டில் எல்லோரும் ஒற்றைத் தலையணையில் காலை நீட்டித் தூங்கட்டும், கண்ணுகளா. உங்கள் பூனையும் அங்கேயே சுருண்டு கிடக்கட்டும்.