ஏழாம் நம்பர் மைக்

என்னை எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த அரங்கத்தில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கேயே கூட்டித் துடைக்கிறவள் என் அக்கா. எட்டு வருடமாக அறுநூறு நாற்காலிகளைத் துடைக்கிறாள், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. அவள் மகளுக்கு வீட்டில் சங்கு என்று பெயர். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாட்டு சொல்லித்தர ஒரு சங்கீதப் பள்ளி முன்வந்தது. இசைக்கு மேல் கீழ் கிடையாது என்று பேனர் வேறு. எழுத்து என்னவோ பெரிதாகத்தான் இருந்தது. ஆண்டு விழாவில் நான்கு வரி தனியாகப் பாட சங்குவைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

"எந்த வரிசையில உக்காந்தா நல்லா கேக்கும்டா?"

"பத்தாவது வரிசை, நடுவுல."

"நான் துடைச்ச சீட்டுதானே, தைரியமா உக்காரலாம்" என்று சிரித்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. பாட்டு டீச்சர் என் மேஜைக்கு வந்து குனிந்து பேசினார்.

"தனியாப் பாடுற அந்தப் பொண்ணு பேச்சுல இருக்கிற வாடை பாட்டுலயும் வருது. பெரிய மனுஷங்க வர்றாங்க. அவளோட ஏழாம் நம்பர் மைக்கை அணைச்சிடுங்க. திரைக்குப் பின்னாடி நம்ம பள்ளி செயலாளர் பொண்ணு பாடுவா, ஒண்ணாம் நம்பரைத் திறங்க. இவ முன்னால நிக்கட்டும், போட்டோவுக்கு."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"சின்னப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் எதுக்கு சொல்லணும்?"

அவள் என் அக்கா மகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன? அணைத்தேன். மேடையில் சங்கு பாட ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் வேறொருத்தி பாடினாள். அந்தச் சத்தத்தில் சங்குவின் குரல் அமுங்கிப் போனது. அவள் பாட்டை நிறுத்தி ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

விழா அன்று அக்கா இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். பத்தாவது வரிசையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிழைப்பு போனால் போகட்டும் சனியன் என்று தோன்றியது. அந்த நான்கு வரி வந்ததும் ஒன்றாம் நம்பரை அணைத்து ஏழாம் நம்பரை முழுதாகத் திறந்தேன்.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

சங்குவின் உதடுகள் பிசகாமல் அசைந்தன. குரல் இல்லை. ஒரு முழு வரி அப்படியே போயிற்று. மேடை ஓரத்திலிருந்து டீச்சர் கையை ஆட்டினார். நான் பதறிப்போய் ஒன்றாம் நம்பரைத் திறந்தேன். மீதி மூன்று வரியும் தேனாக வந்தன. அரங்கமே கை தட்டியது.

மேடைக்குப் பின்னால் ஓடி அவளைப் பிடித்தேன்.

"ஏன்டி பாடல? உன் மைக்கைத் திறந்துதானே வச்சிருந்தேன்!"

"நேத்து நீங்கதானே மாமா அணைச்சீங்க? நான் பாத்தேன். டீச்சர் அணைச்சிருந்தா இன்னிக்கும் கத்திப் பாடியிருப்பேன். நீங்களே அணைச்சதால, என் குரல் நெசமாவே நல்லா இல்லைபோலன்னு நெனச்சேன்."

அதற்குள் அக்கா மூச்சிரைக்க வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் ஈரம்.

"மொத வரி ஏண்டா கேக்கல, வயர் கோளாறா? ஆனா அப்புறம் வந்துச்சு பாரு! மைக்குல என் பொண்ணு குரல் எவ்வளவு பதவிசா இருக்கு! வீட்டுல கத்துற மாதிரியே இல்ல. இனிமே எப்பவும் இப்படியே பாடணும்டி, சரியா?"

சங்கு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அதை யாரும் அணைத்து வைக்கவில்லை.

"ஆமாக்கா, வயர் கோளாறு" என்றேன்.