பொன்னியம்மன் பத்திர ஆபீசுக்குப் போனாள்

அறுபத்து மூன்றாம் வருஷம், ஆனி மாசம். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் இருந்த பொன்னியம்மன் கோயில் சுரங்கக் கம்பெனி நிலத்தில் நின்றது. அங்கே புது ஷெட் வரப்போகிறது, ஆடிக்குள் கோயிலை வேறு இடம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லைனே கையைப் பிசைந்தபோது தாயம்மாதான் வாயைத் திறந்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன புருஷன் சின்னசாமி, லைனுக்கு வெளியே வாங்கி விட்டுப்போன அஞ்சு சென்ட் மனை அவளிடம் இருந்தது. அதை அம்மன் பேருக்கே எழுதிவைப்பதாகச் சொல்லிவிட்டாள்.

கோயில் கமிட்டித் தலைவர் பெருமாளுக்கு அது பொறுக்கவில்லை.

"அம்மன் இன்னா மனுசியா, பத்திரத்துல பேரு எய்த? என் பேர்ல எய்து. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்வானாம்! போன வருஷம் திருவிழாப் பந்தலை இவன்தான் பார்த்துக்கொண்டான். இன்றைக்கும் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் இவன் எருமை ஜம்மென்று படுத்திருக்கிறது. மனை மட்டும் இவன் கைக்குப் போனால் அம்மன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்று தாயம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு வின்னி ஆஸ்பத்திரி நர்ஸ், நாலு எழுத்துப் படித்தவள்.

"சட்டத்துல சாமியும் ஒரு ஆளுதான்க்கா. இந்த ஊரே கம்பெனி பேர்ல கீது. கம்பெனிய யாராச்சும் கண்ணால பாத்துக்கீறாங்களா? அது மாரிதான்."

"ஆளுன்னா நேர்ல வந்து நிக்கணுமே, வின்னி."

தாயம்மாவுக்குத் தெரிந்த சட்டம் சுரங்கச் சட்டம். ஒருத்தன் வேலைக்குக் காட்டும் டோக்கனை இன்னொருத்தன் தொட முடியாது. ஆள் வந்து முகத்தைக் காட்டினால்தான் ஷிஃப்டு. சின்னசாமி காய்ச்சலோடு போய் நின்று முகம் காட்டியதை அவள் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்! அதனால் மறுநாள் காலையில் திருவிழாவுக்கு எடுக்கும் அம்மனின் வெண்கல முகத்தை மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலை பரப்பிய கூடையில் வைத்துக்கொண்டு, வின்னியோடு பத்திர ஆபீஸ் இருக்கிற பங்காரப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"கூடையில இன்னாம்மா?" என்றான் கண்டக்டர் துரை.

"பொன்னியம்மன். அவளுக்கும் ஒரு டிக்கெட் போடு."

"சாமிக்கு எதுக்கும்மா டிக்கெட்?"

"ஏன், அவ ஆளு இல்லியா? முழு டிக்கெட்டாப் போடு." நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் காட்டலாம் என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்திர ஆபீசில் பெருமாள் தலை வாரி, பவுடர் பூசி, முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். ரிஜிஸ்திரார் வேணுகோபால் கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். சட்டென்று எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நேர்ல கூட்டிட்டு வரணும்னு யாரும்மா சொன்னாங்க? தெய்வம் சட்டப்படி ஒரு ஆள்தான். சொத்து வெச்சுக்கலாம், கேஸ்கூடப் போடலாம். ஆனா மைனர். என்னைக்கும் மைனர். அவங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒரு கார்டியன் வேணும்."

"நான் கீறேன் சார்!" என்று பெருமாள் துள்ளி எழுந்தான்.

தாயம்மாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "இன்னா சார் இது? லோகத்தையே பெத்தவ மைனரா?"

"கோச்சுக்காதீங்கம்மா. கொழந்தைக்காகப் பெரியவங்க பேசறோம் இல்லையா, அந்த மாதிரி. கார்டியன் யாருன்னு நெலம் குடுக்கிற நீங்கதான் சொல்லணும். நீங்களேகூட இருக்கலாம்."

பெருமாள் மெதுவாக உட்கார்ந்தான்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் வயிறு திறக்காதவள் தாயம்மா. லைனில் யார் வீட்டில் தொட்டில் போட்டாலும் அடுப்படியோடு நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். அவளைப் போய் ஒரு ஆபீசர் குழந்தைக்குக் கார்டியனாக இருக்கச் சொல்கிறார். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"எனக்குப் புள்ள வளத்துப் பயக்கம் இல்லியே, சார்."

"இவங்க அழ மாட்டாங்க. பயப்படாதீங்க" என்றார் அவர்.

வின்னி பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தாயம்மா கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்திப் பதித்தாள். 'மைனர் பொன்னியம்மன், கார்டியன் தாயம்மா' என்று குமாஸ்தா உரக்கப் படித்ததும், இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே துரை. இந்தத் தடவை கேட்காமலே மூன்று முழு டிக்கெட் கிழிக்கப் போனான்.

"யப்பா, நிறுத்து! மைனருக்கு யாராச்சும் முழு டிக்கெட் போடுவாங்களா? அரை டிக்கெட் போடு."

பஸ்ஸே சிரித்தது. துரையும் சிரித்துக்கொண்டே, "யாரு வூட்டுக் கொழந்தம்மா?" என்றான்.

தாயம்மா கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் வூட்டுது" என்றாள்.