இருபத்து மூன்று முட்டை ஓடுகள்

அப்பாவின் வலது காலில் ஷூ ஏறவில்லை. நின்ஃபா ஒரு கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். தம்பி கஸ்பாரே கட்டிலின் மறுபக்கம் நின்று குதிகாலைப் பிடித்திருந்தான். தூரினிலிருந்து முதல் விமானத்தில் வந்தவன் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"கொஞ்சம் அழுத்திப் பிடிடா. அவருக்கு வலிக்காது," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லிபோரியோ முப்பத்து நாலு வருஷம் பலேர்மோவில் டவுன் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை என்று பீற்றிக்கொள்வார். நேற்றுக் காலை பால்கனியில் நாற்காலி மேல் ஏறித் தவறி விழுந்தார். துணி துவைக்கும் கல்தொட்டியில் தலை மோதியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எதற்கு ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. பால்கனியில் கள்ளிமந்தாரை நின்றது. இந்த ஊரில் அதைப் பொமேலியா என்று பெண் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார்கள். அது வெயில் நாட்டு மரம், இங்கே தொட்டியில்தான் பிழைக்கிறது. குளிர் பட்டால் கிளை நுனி கறுத்துவிடும், அப்புறம் அழுகல் கீழே இறங்கும். அதனால் டிசம்பர் பிறந்ததும் இலை உதிர்ந்த ஒவ்வொரு நுனிக்கும் ஒரு முட்டை ஓட்டைக் குல்லாய் மாதிரிக் கவிழ்த்து வைப்பார்கள். இந்த மரம் அம்மா கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து குச்சியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மரம் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது.

ஒருவழியாக ஷூ ஏறியது. நின்ஃபா முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நான்தாண்டா அவரைக் கொன்னேன்."

"என்ன பேசற நீ?"

"கண்ணுல புரை இருந்த வரைக்கும் மனுஷன் சும்மாதானே உக்காந்திருந்தாரு. ஆபரேஷன் வேண்டாம், வேண்டாம்னாரு. நான்தான் மல்லுக்கட்டிக் கூட்டிட்டுப் போனேன். கண்ணு தெரிஞ்சதும் சின்னப் பையனாட்டம் ஏறிட்டாரு. நான் நேத்து வேலைக்குப் போகாம இருந்திருக்கணும்."

கஸ்பாரே குதிகாலிலிருந்து கையை எடுத்தான். அதற்குள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்களின் குரல் கேட்டது. பேசாமல் தப்பித்தோம் என்று ஒரு நொடி நினைத்தான். நினைத்ததற்காக அவனுக்கே அவன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு அவன் வந்திருந்தபோது அப்பாவுக்கு மரம் வெறும் நிழலாகத்தான் தெரிந்தது. "நீ வந்து வைப்பேன்னு விட்டு வச்சிருக்கேன்," என்று ஒரு பையைக் கையில் கொடுத்தார். அக்டோபரிலிருந்து கழுவிக் காயவைத்துச் சேர்த்த ஓடுகள். கஸ்பாரே பையோடு பால்கனிக்குப் போனான். ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரு சிகரெட் பிடித்தான், இன்னொன்றும் பிடித்தான். கீழே நண்பர்கள் காரில் ஹாரன் அடித்தார்கள். முட்டை ஓட்டுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றியது. பையைக் குப்பை மூட்டைக்குள் அமுக்கி, போகிற வழியில் தெருத்தொட்டியில் போட்டுவிட்டான்.

"ஆச்சாடா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆச்சுப்பா."

"எத்தனை?"

வாயில் வந்த எண்ணைச் சொன்னான். "இருபத்து மூணு."

"போன வருஷம் இருபத்திரண்டுதானே? அப்ப எங்கேயோ புதுசா ஒண்ணு கிளைச்சிருக்கு." அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தப் புதுக் கிளையைப் பற்றி அன்று சாயங்காலத்துக்குள் மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் எதிர்வீட்டு சாரினா அத்தை பெரிய கூஜாவில் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள். கடைசியில் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு கஸ்பாரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடுதாசியைப் படிப்பது போல ஊர் வம்பை ஒன்றுவிடாமல் சொல்லக்கூடியவள் அவள்.

"கண்ணுல கட்டு அவுத்த நாள்லேந்து உங்கப்பா வீடு வீடாப் போயி ஓடு கேட்டுட்டு இருந்தாரு தம்பி. என்ன லிபோரியோ, மகன் வச்சுட்டுப் போனான்னு அவ்வளவு பீத்திக்கிட்டீங்களேன்னு கேட்டேன். வச்சான், வச்சான், காத்து தூக்கிட்டுப் போயிருச்சுன்னாரு."

"காத்து அடிச்சிருக்கும், எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு," என்றாள் நின்ஃபா.

"எங்க வீட்டுல கொடியில போட்ட கைக்குட்டைகூட அசையலம்மா இந்த மாசம்." சாரினா காபியை ஊதிக் குடித்தாள். "நாலு நாள் முன்னாடி வந்தாரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு குறையுது சாரினா, அதோட இருபத்து மூணு ஆயிரும்னாரு. அதுக்காகவே ஒரு ஆம்லெட் போட்டேன். அந்த ஒண்ணைக் குடுக்காம இருந்திருக்கலாம் நான்."

கஸ்பாரே கோப்பையைத் தரையில் வைத்தான். அப்பா பார்த்திருக்கிறார். கட்டை அவிழ்த்ததும் முதலில் மரத்தைத்தான் பார்த்திருப்பார். மொட்டைக் கிளைகளில் ஒரு ஓடு இல்லை. அப்புறமும் ஞாயிற்றுக்கிழமை போனில், "எல்லாம் நல்லாயிருக்குடா, நீ உடம்பைப் பாத்துக்க," என்றார். அவனைத் திட்டியிருக்கலாம். திட்டாமல், மகன் மானத்தைக் காப்பாற்ற ஊரெல்லாம் காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

மூன்று மணிக்குக் கோயிலில் பூசை முடிந்தது. கல்லறைச் சுவரில் அம்மாவுக்குப் பக்கத்துக் குழிக்குள் பெட்டியைத் தள்ளி, மேஸ்திரி சிமெண்ட் பூசி அடைத்தார். நின்ஃபா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது," என்று மறுபடியும் சொன்னாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

வீடு திரும்பியபோது பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சாரினா அனுப்பிய சூப் மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

"ராத்திரிக்கு நல்ல குளிராம்," என்றாள் நின்ஃபா. "வா, மீதியை வச்சிடலாம்."

மரத்தில் ஒன்பது ஓடுகள் இருந்தன, அப்பா வைத்தவை. ஜன்னல் விளிம்பில் முட்டை அட்டையில் பதினாலு காத்திருந்தன. நின்ஃபா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதே நாற்காலிதான். அதன் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறு, நான் பிடிச்சுக்கறேன்," என்றாள்.

அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் ஏறினான். ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தான். எட்டாவது நுனி விரலுக்கு மெத்தென்றிருந்தது, அழுகிய பழம் மாதிரி. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு அப்படித்தான். அவற்றின் மேலும் ஓட்டைக் கவிழ்த்தான்.

"இன்னொண்ணு இருக்கு பாரு," என்றாள் கீழேயிருந்து.

"நுனி இல்லக்கா."

"கம்பிக்கு அந்தப் பக்கம் பாரு. இருபத்து மூணு. நீ எண்ணினதுதானே?"

அவன் மறுபடியும் எண்ணினான். இருபத்திரண்டு. கடைசி ஓடு உள்ளங்கையில் எடையே இல்லாமல் கிடந்தது. சாரினாவின் ஆம்லெட்டாக இருக்கும். விளிம்பை அப்பா நகத்தால் சீராக உடைத்துச் சமன் செய்திருந்தார்.

"நான் எண்ணவே இல்லக்கா."

அந்த ஓட்டைத் திரும்ப அட்டையில் வைத்தான்.

"ஒண்ணுகூட வைக்கல. பையைக் குப்பையில போட்டுட்டேன். வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன். நீ கூட்டிட்டுப் போன ஆபரேஷன் இல்லக்கா. நான்தான்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. எதிர்ப் பால்கனியில் சாரினா துணிகளை எடுத்து உள்ளே போனாள். அவன் நாற்காலி மேல் திரும்பாமல் நின்றான். ஓங்கி ஓர் அறை விழுந்தால் தேவலை என்றிருந்தது.

நாற்காலி அசையவில்லை. குனிந்து பார்த்தான். அக்காவின் முகம் தெரியவில்லை, தலை மட்டும் தெரிந்தது. முதுகுச் சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அவள் இறங்கு என்று சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.